சாரத்தை வாங்காதே, பலகையை வாங்கு

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய நாலு நிமிட வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. பின்னால் கலவை மெஷின் ஓடுகிறது, யாரோ "செங்கல் பத்தலை" என்று கத்துகிறார், நடுவில் ஒரு ஆடு. மூன்றாவது தடவைதான் விஷயம் பிடிபட்டது. வீடு லிண்டல் மட்டத்துக்கு, அதாவது ஜன்னல் தலை வரைக்கும், வந்துவிட்டது. உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டுகிற சாரத்தை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா என்று உனக்கும் உன் மச்சினனுக்கும் பேச்சு முற்றிவிட்டது. தீர்ப்பை நான் சொல்ல வேண்டும். சரி.

போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். இன்று லிட்டில் இந்தியா, தேக்கா பக்கம் போகவில்லை, காலையிலிருந்து மழை. கட்டிலில் உட்கார்ந்து சாவகாசமாக எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு மேஸ்திரியிடமும் கொடு.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மேஸ்திரியிடம் கூலி பேசியபோது சாரம் யார் பொறுப்பு என்று கேட்டாயா? நம் ஊரில் பாதிப் பேர் சதுர அடிக் கூலியிலேயே சாரத்தையும், கான்கிரீட் இறுகும் வரை தாங்குகிற சென்ட்ரிங்கையும் சேர்த்துப் பேசுவார்கள். அது அவர் கணக்கில் இருந்தால் நீயும் உன் மச்சினனும் போட்ட சண்டை வீண். இல்லையென்றால் மேலே படி.

செங்கல் கட்டுக்கு நீ ஒன்றும் வாங்க வேண்டாம், வாடகைக்கும் எடுக்க வேண்டாம். மேஸ்திரியிடம் சவுக்குக் கம்பும் கயிறும் இருக்கும். வெளியே ஒரு வரிசைக் கம்பு நட்டு, குறுக்குக் கம்பின் ஒரு முனையைச் சுவர் ஓட்டையில் செருகி, மேலே பலகை போட்டுக்கொள்வார்கள். நம் தாத்தா காலத்து முறை, தாழ்ந்த சுவருக்குப் போதும். எனக்கு அதில் ஒரே ஒரு குறைதான், அந்த ஓட்டை. வேலை முடிந்ததும் அரைச் செங்கலைத் திணித்து மேலே பூசிவிடுவார்கள். ரெண்டு ஐப்பசி போனால் உள்சுவரில் வட்ட வட்டமாக ஈரம் தெரியும். உங்கள் பழைய வீட்டுத் திண்ணைச் சுவர் ஞாபகம் இருக்கிறதா? நீ காரை ஓதம் என்றாய், உன் அப்பா பல்லி என்றார். அது சாரம் போட்ட ஓட்டை மாப்ளே. இந்தத் தடவை ஓட்டையைக் கழுவி, நனைத்து, சல்லிக் கலவையை இறுக்கிக் குத்தி அடைக்கச் சொல். பக்கத்திலேயே நின்று பார்.

மாடிக்கு மேல் வெளிப்பூச்சு என்று வரும்போதுதான் நீ கேட்ட கேள்விக்கே அர்த்தம் வருகிறது. அங்கே கம்பு வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டுகிற இரும்பு ஃப்ரேம் எடு.

கணக்கு போட்டுப் பார்த்தேன். முப்பதுக்கு நாற்பது மனை என்றாய். தரைமட்டத்திலிருந்து கைப்பிடிச் சுவர் உச்சி வரை 25 அடி என்று வைத்துக்கொள். நாங்கள் இங்கே போடும் ஃப்ரேம் 1.7 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம். ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவே கிராஸ் கம்பி போட்டால் ஏறக்குறைய 6 அடி வரும். நாற்பது அடிச் சுவருக்கு 7 கட்டம், அதாவது ஒரு அடுக்குக்கு 8 ஃப்ரேம். அஞ்சு அடுக்கு வேண்டும். நாலாவது அடுக்கின் தலையில் பலகை போட்டு ஆள் நிற்பார், அஞ்சாவது அடுக்கு அவர் கைக்குத் தடுப்பு. ஆக 40 ஃப்ரேம், 70 கிராஸ் கம்பி, ஃப்ரேம் கால்களுக்கு அடியில் 16 தட்டு. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் 140 ஃப்ரேம் ஆகிவிடும். உன் மச்சினன் வாங்கலாம் என்கிற கணக்கு இந்த நூற்றி நாற்பதுதான் என்று நினைக்கிறேன். பூசுகிறவர்கள் ரெண்டு ஜோடி; அவர்களால் ஒரே நாளில் நாலு பக்கம் பூச முடியுமா? ஒரு பக்கம் முடித்து, பிரித்து, அடுத்த பக்கம் நிறுத்து. நாற்பதே போதும். அங்கே ஃப்ரேம் அளவு கொஞ்சம் மாறலாம், கடையில் டேப் வைத்து அளந்துவிட்டு எண்ணிக்கை சொல்.

வாங்குவதா என்பதற்கு எளிய வழி இருக்கிறது. ஒரு பழைய ஃப்ரேமின் விலையை அதன் ஒரு நாள் வாடகையால் வகுத்துப் பார். வருகிற எண் எத்தனையோ, அத்தனை நாள் வாடகைதான் வாங்குகிற விலைக்குச் சமம். உனக்கு உண்மையில் அது எத்தனை நாள் வேண்டும்? பூச்சுக்கு ஒரு தடவை, பெயின்டுக்கு ஒரு தடவை. நடுவில் திருப்பிக் கொடுத்துவிடு. இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பெயின்டுக்கு வேண்டுமே என்று சாரத்தை அப்படியே நிற்க விடுவார்கள். அது சும்மா நிற்கிற நாளுக்கும் மீட்டர் ஓடும். மழைக்கு வேலை நின்றாலும் ஓடும், கொத்தனார் கல்யாணத்துக்குப் போனாலும் ஓடும். ஐப்பசி கார்த்திகையில் எடுக்கவே எடுக்காதே. எடுக்கிற அன்று ஒவ்வொரு ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக்கொள். ஏற்கெனவே வளைந்திருந்ததை நீ வளைத்தாய் என்று கடைசியில் கணக்கு எழுதுவார்கள்.

வாங்கிவிட்டு அப்புறம் வாடகைக்கு விடலாம் என்கிறானாமே உன் மச்சினன், அது நல்ல யோசனைதான். ஆனால் அது அவன் தொழில், உன் வீட்டு வேலை இல்லை. வேண்டுமானால் அவன் பணத்தில் வாங்கட்டும், நீ அவனுக்கே வாடகை கொடு.

காசு போட்டு நீ வாங்க வேண்டியது பலகை. வாடகைப் பலகையை நான் நம்புவதில்லை. எத்தனை வெயில் மழை பார்த்ததோ, யார் மேலே என்ன போட்டார்களோ. முடிச்சு இல்லாத, விரிசல் இல்லாத கனமான பலகையாகப் பார்த்து வாங்கு. ரெண்டு பக்கமும் தாங்கல் வைத்து நடுவில் ஏறி நின்று பார், முனகினால் வேண்டாம். நுனி தாங்கலைத் தாண்டி அரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, கால் வைத்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும். நுனிகளைக் கட்டிவிடு. வேலை முடிந்ததும் மாட்டுக் கொட்டகைக்குப் பரண் ஆகிவிடும், தங்கச்சியும் காசு போச்சு என்று திட்டாது.

இப்போது என் கதை. பதினாலு வருஷமாகச் சாரம்தான் கட்டுகிறேன். முதல் நாலு வருஷம் கப்பல் பட்டறை, அப்புறம் கட்டடம். இங்கே 4 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அரசு அனுமதி பெற்ற சாரக் கான்ட்ராக்டர் மட்டும்தான் கட்டலாம். சூப்பர்வைசர் 7 நாளைக்கு ஒரு தடவை சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கைப்பிடிக் குழாய் பலகையிலிருந்து 1 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். கரணையோ செங்கலோ உருண்டு கீழே விழாமல் ஓரத்தில் 90 மில்லிமீட்டர் பட்டை. சாரத்தில் பச்சை டேக், அதாவது அடையாள அட்டை, தொங்கினால் ஏறலாம், சிவப்பு என்றால் முதலாளியே வந்தாலும் ஏறக் கூடாது. முதலில் எனக்கு இதெல்லாம் தொந்தரவாகத்தான் இருந்தது. நம் ஊரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாரத்தில் பீடி பிடிப்பவரைப் பார்த்து வளர்ந்தவன்தானே நானும்.

ஒரு நாள் மாறியது. எந்த சைட் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் கட்டிக் கொடுத்த சாரம், டேக் பச்சை, எல்லாம் சரி. பெயின்ட் அடிக்க வந்தவர்களுக்குச் சுவரையும் சாரத்தையும் பிணைத்திருந்த குழாய்கள் இடைஞ்சலாக இருந்திருக்கின்றன. "அப்புறம் மாட்டிக்கலாம்" என்று ரெண்டைக் கழற்றிவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை சுமத்ரா காற்று அடித்தது. இந்தப் பக்கம் அப்படித்தான், எந்த அறிகுறியும் இல்லாமல் வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும். நாங்கள் ஏழு மணிக்குப் போனபோது மேல் ரெண்டு அடுக்கும் சுவரை விட்டு ஒரு முழம் வெளியே சாய்ந்து, வலை கிழிந்து, தலையாட்டிக்கொண்டிருந்தது. ஆள் யாரும் மேலே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அடித்திருந்தால் ஆறு பேர்.

இரும்பு நல்ல இரும்புதான் மாப்ளே, குழாய்களை இறுக்குகிற கிளாம்பும் புதுசு. வாடகை இரும்பா சொந்த இரும்பா என்று காற்று பார்க்கவில்லை. அதனால்தான் உன் கேள்வியை விட்டுவிட்டு நான் வேறு ஒன்று கேட்கிறேன்: யார் கட்டப் போகிறார், யாரைக் கேட்காமல் யாரும் ஒரு குழாயைக்கூடக் கழற்றக் கூடாது? ஒரே ஆள் பெயரைச் சொல்லி எனக்கு எழுது. கடைக்காரர் இறக்கிப் போட்டுவிட்டுப் போவார். கட்டுவதற்குத் தெரிந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, தனியாகக் கூலி கொடு. அதில் பேரம் பேசாதே.

அவரிடம் மூன்று விஷயம் கேள். உங்கள் மனை களிமண். ஒரு மழைக்குத் தட்டு அப்படியே இறங்கும். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் அகலப் பலகை வேண்டும், உடைந்த செங்கல் ஆகாது. ரெண்டாவது, சாரத்தைச் சுவரோடு பிணைப்பது. அகலத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் உயர்ந்தால் சாரம் தனியாக நிற்கக் கூடாது. உனக்கு 16 அடிக்கு மேல் என்று வைத்துக்கொள். நான் என்றால் அதற்கும் முன்னாலேயே, முதல் மாடி ஜன்னலில் பிணைத்துவிடுவேன். ஜன்னல் உள்பக்கம் குறுக்கே ஒரு குழாய், அதிலிருந்து சாரத்துக்கு ஒரு குழாய், சுவரைத் துளைக்கவே வேண்டாம்.

மூன்றாவதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. நீ அனுப்பிய போட்டோவில் தெருப்பக்கம் கரன்ட் கம்பி போகிறது. கையில் நீளமான இரும்புக் குழாயோடு ஒருவன் மேலே நின்று திரும்பினால் போதும். தெருப்பக்கச் சாரம் நிறுத்துவதற்கு முன் மின்வாரிய ஆபீஸுக்குப் போய் மனு கொடு. நாலு நடை நடக்கவிட்டாலும் நட. அது முடியும் வரை மற்ற மூன்று பக்கத்தையும் பூசட்டும்.

கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் முட்டுகளைச் சாரத்துக்கு உருவ விடாதே என்பதையும் மேஸ்திரி காதில் போட்டுவை.

இங்கே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரி 12 கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முன் கோபுர வேலை நடந்த மாதங்களில் லீவு நாளில் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பேன். எல்லாரும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நான் கிளாம்பை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்போதெல்லாம் உன் ஞாபகம்தான். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து உச்சிக் கல்லை ஏற்றச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டியதாக ஊர்ப்பக்கம் கதை உண்டு என்று வாத்தியார் சொன்னபோது, "அத்தனை கயிற்றுக்கு யார் சார் காசு கொடுத்தது?" என்று கேட்டு அடி வாங்கினாயே. இப்போது உனக்கே தெரியும்.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலையாம், போன வாரம் பேசினேன். உன் வீட்டு வேலையைப் பார்க்க நடந்தே வந்ததாகச் சொன்னாள். வெயிலில் நிற்க விடாதே, ஒரு நாற்காலி போட்டுக் கொடு.

தை மாதம் லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்கும் போலத்தான் இருக்கிறது. தெருப்பக்கத்தை அதுவரை தள்ளிப்போட முடிந்தால் போடு, அந்தச் சாரத்தை நானே கட்டித் தருகிறேன். பெல்ட்டும் ஸ்பேனரும் இங்கிருந்தே கொண்டு வருகிறேன். நான் மேலே ஏறப்போவதை மட்டும் அம்மாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
துரை