காட்டுப் பயணக் குழு: செயலாளரின் 2024 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிப்ரவரியில் நடக்க வேண்டிய பனிச்சறுக்குப் பயணம் கைவிடப்பட்டது. நம் மினசோட்டா மாநிலத்தில் பதிவானவற்றிலேயே வெப்பம் மிகுந்த குளிர்காலம் அது. சறுக்கப் பனியே இல்லை. மே 10 இரவு வடதுருவ ஒளியைச் சில குடும்பங்கள் சேர்ந்து போய்ப் பார்த்தன. ஜூலையில் வழக்கமான பிக்னிக். அக்டோபரில் ஈகிள் மலை ஏறினோம். 2,301 அடி, மாநிலத்திலேயே உயரமான இடம். 17 பேர் வந்தார்கள். அந்தப் பாதை பவுண்டரி வாட்டர்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியின் எல்லைக்குள் போகிறது, அங்கே ஒரு கூட்டத்தில் 9 பேருக்கு மேல் கூடாது. அதனால் இரண்டு அணியாகப் பிரிந்து, நேரம் விட்டு ஏறினோம். காலையில் போய் மாலையில் திரும்புவது என்றால் நம்மவர்கள் வருகிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

இந்த ஆண்டு குழுவின் பணத்தில் பெரும்பகுதி லைஃப் ஜாக்கெட்டுகளுக்கும் ஜூன் மாதப் படகுப் பயிற்சிக்கும் போனது. இது செயலாளரின் சொந்த ஆசை என்று செயற்குழுவில் பேசப்பட்டது. ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் காரணம் இருக்கிறது. மே 18 அன்று கனடா எல்லையில் இருக்கும் கர்ட்டன் அருவியில் கனோ என்னும் துடுப்புப் படகுகள் அடித்துச் செல்லப்பட்டு இருவர் இறந்தார்கள். நம்மில் பலர் ஊரில் கிணற்றிலும் ஆற்றிலும் நீச்சல் பழகியவர்கள், அந்தத் தைரியம் எனக்கும் உண்டு. வடக்கே வசந்த கால ஏரி நீர் அப்படியில்லை. பனி உருகிச் சில வாரமே ஆன நீர் அது. விழுந்த முதல் நிமிடத்திலேயே மூச்சு இழுத்துக்கொள்ளும், சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. நீந்தத் தெரிந்தவரையும் அந்த நேரத்தில் மிதக்க வைப்பது ஜாக்கெட்தான். குழந்தைகள் அளவில் நம்மிடம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. இப்போது ஆறு இருக்கின்றன.

மூன்று சனிக்கிழமைகள் மினியாபொலிஸ் நகரின் பிடே மக்கா ஸ்கா ஏரியில் பழகினோம். துடுப்புப் பிடிப்பது, கவிழ்ந்த கனோவை நிமிர்த்துவது, தண்ணீருக்குள்ளிருந்து மறுபடி ஏறுவது. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினரின் மாமியார் மூன்றாம் வாரம் முன்பக்கம் உட்கார்ந்து தானே துடுப்புப் போட்டார். அந்தப் பணம் வீண் என்று இனியும் யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

சரி, ஆகஸ்ட் பயணம். சுப்பீரியர் தேசிய வனம் நமக்கு நான்கு மணி நேரத் தூரம். அதற்குள் இருக்கும் பவுண்டரி வாட்டர்ஸில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர், ஆயிரத்துக்கு மேல் ஏரிகள். இரவு தங்க வேண்டுமென்றால் மே முதல் செப்டம்பர் வரை எந்த நாளில் எந்த நுழைவாயில் என்று குறித்துப் பெர்மிட் வாங்க வேண்டும், அதற்கும் ஒதுக்கீடு உண்டு. ஜனவரி 31 காலை 9 மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து, ஈலி என்ற ஊருக்கு அருகே லேக் ஒன் என்ற ஏரியின் நுழைவாயிலுக்கு 9 பேருக்கு வாங்கினேன். தலைக்கு 16 டாலர். நான்கு கனோ வாடகைக்குச் சொல்லி வைத்தோம்.

வந்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் முந்தின நாள் இரவு பத்தரை மணிக்குச் செய்தி அனுப்பினார்கள். மூன்று பேரிடமிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. வேலை வரும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் காத்திருப்புப் பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஒரு பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், மூன்று சனிக்கிழமையும் தவறாமல் வந்தவள். இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள். எடுக்காத இரண்டு கனோக்களுக்கும் வாடகை கட்டினோம்.

போன நால்வருக்கும் அது மறக்காது. லேக் ஒன்னில் மோட்டார் கிடையாது, துடுப்புச் சத்தம்தான். அடுத்த ஏரியான லேக் டூவுக்குப் போக இடையில் இரண்டு இடத்தில் கரையேறிக் கனோவைத் தோளில் சுமக்க வேண்டும். அந்தத் தூரத்தை அங்கே ராட் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு கனோ நீளம். கண்ணாடிப் பாட்டிலும் தகர டப்பா உணவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, அதனால் ஊறுகாயை முந்தின நாளே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினோம். கருங்கரடி வராமலிருக்க, உணவைக் கரடி உடைக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் 12 அடி உயரத்தில் கட்ட வேண்டும். புளியோதரை, பருப்புப் பொடி எல்லாம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. இரவில் லூன் பறவை கூப்பிட்டது. மேலே பால்வீதி. 2020-இல் இந்த இடத்தை இருண்ட வான் சரணாலயமாக ஏன் அறிவித்தார்கள் என்று அப்போது தெரிந்தது.

கணக்கு: செலவு வரவைவிடச் சற்றுக் கூடுதல், முன்னிருப்பு ஈடுகட்டியது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் கேட்டுப் பார்க்கலாம். 32 குடும்பங்களில் 13 குடும்பங்களின் சந்தா இன்னும் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டியாயிற்று. பெயர்களை இங்கே எழுதவில்லை.

வண்டி ஓட்டியவர்களுக்கும், பயிற்சி நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த வீடுகளுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுப் பெர்மிட் 2025 ஜனவரி 29, புதன், காலை 9 மணிக்குத் திறக்கும். பெர்மிட்டில் தலைவர், மாற்றுத் தலைவர் என்று பெயர் கொடுக்க வேண்டும், அவர்களில் ஒருவர் நேரில் போய்த்தான் வாங்க முடியும். மூன்று ஆண்டுகளாகத் தலைவர் இடத்தில் என் பெயர்தான். வரும் கோடையில் ஊருக்குப் போக வேண்டியிருக்கலாம். யாராவது முன்வந்தால் பாதைகள், வரைபடம், வாடகைக் கடை விவரம் எல்லாம் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். ஒரு ஞாயிறு மதியம் போதும். வர நினைப்பவர்கள் ஜனவரி 20-க்குள் பெயரும் முன்பணமும் கொடுங்கள். பட்டியலில் முதல் பெயராக அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணையும் அவள் அப்பாவையும் எழுதியிருக்கிறேன்.

ஜாக்கெட்டுகளும் கூடாரங்களும் அடுத்த பயணம் வரை என் கராஜில் இருக்கும். எடுத்துப்போக வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள், உலர்த்தி வைக்கிறேன்.

செயலாளர்