மீனாவுக்கு, சவுசவுவிலிருந்து

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நாங்கள் குடியிருக்கும் பாய்மரப் படகிலும் இணையம் வந்துவிட்டதால் சாக்குச் சொல்ல வழியில்லை. உட்கார்ந்து எழுதத்தான் நேரம் அமையவில்லை. இந்தச் சவுசவுத் துறைமுகத்திலிருந்து லாவுத் தீவுகளுக்குப் போயிருந்தோம், ஃபிஜி நாட்டின் கிழக்கு ஓரம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் வீசும். நாங்கள் போக வேண்டியதும் தென்கிழக்கே, அதாவது எதிர்க்காற்று. காற்று கொஞ்சம் தளரும்வரை காத்துக் கிடந்துதான் போனோம்.

"பயமாக இல்லையா?" என்று கேட்டிருந்தாய். நடுக்கடலில் முட்டிக்கொள்ள ஒன்றுமில்லை, மீனா. பயமெல்லாம் கரையை நெருங்கும்போதுதான். தீவைச் சுற்றிப் பவளப்பாறை, அதில் ஒரே ஒரு திறப்பு. வெயில் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருந்தால்தான் தண்ணீருக்கடியில் பாறை தெரியும். எதிர்வெயிலில் கண் கூசுவதோடு சரி. லாவுவில் நாங்கள் போன ஃபுலாங்காத் தீவின் திறப்பு குறுகலானது, நீரோட்டமும் பலம். ஓட்டம் அடங்கும் நேரம் பார்த்து நுழைந்தோம். பெரியவள் முன்னால் நின்று கையைக் காட்ட, அவர் சுக்கானைத் திருப்ப, நான் திரையில் வரைபடத்தைப் பார்த்தபடி கத்த... சின்னவனை அந்த நேரத்தில் அறையிலேயே இருக்கச் சொல்லிவிடுவோம்.

உள்ளே போய்விட்டால் வேறு உலகம். காயல் முழுக்கச் சுண்ணாம்புப் பாறைகள், அடியைக் கடல் அரித்துக் காளான் மாதிரி நிற்கின்றன. ஆனால் நங்கூரம் போட்டதும் நீந்தக் குதித்துவிட முடியாது. முதலில் ஊர்த்தலைவரைப் பார்த்துச் செவுசெவு கொடுக்க வேண்டும். சந்தையில் வாங்கிய கவா வேர்க் கட்டு அது, இடித்து நீரில் கரைத்துக் குடிப்பார்கள். முழங்கால் மறையத் துணி கட்டிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்த் தரையில் உட்கார வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் அந்தக் கடலில் மீன் பிடிக்கலாம், ஊருக்குள் நடமாடலாம். நம் ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு வெற்றிலை பாக்குடன் போவது போலத்தான் எனக்குப் பட்டது. அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. வருகிற படகுக்கெல்லாம் ஊரில் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் மாவும் சர்க்கரையும் கொண்டுபோனோம். அவர்கள் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் மரவள்ளியும் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் நாங்கள்தான் கடன்காரர்கள்.

படகில் குடும்பம் நடத்துவது என்றால் முக்கால்வாசி தண்ணீர்க் கணக்குதான். தொட்டியில் 400 லிட்டர். பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். யாராவது தலைக்கு ஊற்றிக்கொண்டால் அன்று சண்டை நிச்சயம். வீட்டில் கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், கடைக்குப் போய்வரலாம். 40 அடிப் படகில் நான்கு பேர் எங்கே போவது? கோபித்துக்கொள்கிறவருக்குப் படகின் முன்மூலை, அவ்வளவுதான். அதனால் சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறோம் என்று நினைக்காதே. மழைக்காற்று வரும், நங்கூரம் நழுவும், எல்லாரும் ஓடுவோம். சண்டை அப்படியே நின்றுபோகும்.

சின்னவனுக்கு இதெல்லாம் சொர்க்கம். வகுத்தல் கணக்கையே தூரத்தையும் வேகத்தையும் வைத்துத்தான் பிடித்துக்கொண்டான். தமிழ் எழுதச் சொன்னால் மட்டும் வயிற்றுவலி. இங்கே சவுசவு சந்தையில் கறிவேப்பிலை விற்கும் அம்மாவின் முன்னோர் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் வந்த தென்னிந்தியர்களாம். நம் பக்கத்திலிருந்து 1903 முதல்தான் ஆள் எடுத்தார்கள். அந்த அம்மா பேசுவது ஃபிஜி இந்தி, தமிழில் நாலைந்து சொல்தான் மிச்சம். அன்று படகுக்குத் திரும்பியதும் இவன் முன்னால் நோட்டை வைத்தேன்.

பெரியவள் விஷயம் வேறு. பதினாலு வயது. பிள்ளைகள் உள்ள படகு வந்தால் பத்து நாள் சிரித்துக்கொண்டிருப்பாள், அவர்கள் பாய் விரித்துப் போனதும் போர்வைக்குள் போய்விடுவாள். ஃபுலாங்காவில் எங்களுக்கு ஒதுக்கிய வீட்டுப் பெண்ணுக்கும் இதே வயது. தலைநகர் சுவாவில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள், விடுமுறைக்குக் கப்பலேறி வந்திருந்தாள். இரண்டும் இரவெல்லாம் என்ன பேசினவோ, திரும்பும் வழியில் இவள் கேட்டாள்: "தீவில் பிறந்தவளே பள்ளிக்கூடம் போகிறாள், நான் ஏன் போகக் கூடாது?" அவர் காற்றைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

நவம்பரில் புயல் காலம் தொடங்கிவிடும். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் இந்தத் தீவுகளைப் புரட்டிப்போட்ட கதையை இன்றும் சொல்கிறார்கள், அதனால் இங்கே மிதந்துகொண்டிருக்கும் எண்ணமில்லை. ஒன்று, தெற்கே நியூசிலாந்துக்கு ஓட வேண்டும், ஆயிரம் கடல் மைலுக்கு மேல். இல்லையென்றால் ஃபிஜியிலேயே வூந்தா படகுத்துறையில் குழி வெட்டி, படகின் அடிப்பாகத்தை அதில் இறக்கிக் கட்டிவைக்கிறார்கள், அப்படி விட்டுவிட்டு ஊருக்கு வர வேண்டும். அவருக்கு முதலாவது, எனக்கும் பெரியவளுக்கும் இரண்டாவது. சின்னவனுக்கு ஓட்டுரிமை கொடுக்கவில்லை.

நீ பள்ளியிலேயே இருப்பவள், அதனால் கேட்கிறேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதினால், பதினொன்றில் சேர்க்கும்போது உங்கள் பக்கத்துப் பள்ளிகள் உண்மையில் எப்படி நடத்துகின்றன? விதியில் இருப்பது வேண்டாம், நடப்பதைச் சொல். விடுதி வேண்டுமா, உன் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைக்குமா, அதையும் விசாரி. அக்டோபர் கடைசிக்குள் பதில் வந்தால் நல்லது. அதற்குமேல் அவர் நியூசிலாந்துப் பயணத்துக்கு மாவு வாங்க ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம், அம்மாவின் கண் ஆபரேஷன் எப்படி முடிந்தது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

அன்புடன்,
வசந்தி