லண்டன் – பாரிஸ் ரிக்கற்றில போட்டிருக்கிற நேரத்தைப் பற்றி

எங்கட வாடிக்கையாளர் எல்லாருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூட லீவு வரப்போகுது, பாரிஸ் பிள்ளையார் தேரும் ஆகஸ்ட் கடைசிப் பக்கம் வந்திடும், அதால பாரிசில எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலுக்குப் போற ஆக்கள் இப்பவே கடைக்குப் போன் எடுக்கத் தொடங்கியிட்டீங்கள். கனபேர் கேக்கிறது இதுதான்: "தம்பி, பிளேனில போகேக்க ரெண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல காட்டுது, வரேக்க இருபது நிமிசம் காட்டுது, ரிக்கற் பிழையா அடிச்சுப் போட்டீங்களோ?"

ரிக்கற் சரிதான், பயப்பிடாதேங்கோ. அதில இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் லண்டனை விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, சமருக்கு மணிக்கூடு மாத்தினாலும் ரெண்டு பக்கமும் ஒரே நாள் மாத்துறதால அந்த வித்தியாசம் அப்பிடியே இருக்கும். லண்டன் ஹீத்ரோ எயார்போட்டில காலமை 10:00 க்கு வெளிக்கிட்டு பாரிஸ் ஷார்ல் து கோல் எயார்போட்டுக்கு 12:20 எண்டு இருந்தா உண்மையான ஓட்டம் 1 மணி 20 நிமிசம், அங்கயிருந்து 10:00 க்கு வெளிக்கிட்டு இஞ்ச 10:20 எண்டு இருந்தாலும் அதே 1 மணி 20 நிமிசம்தான். ஏத்த வாற ஆக்களுக்கு அவையின்ர ஊர் நேரத்தைச் சொல்லிவிடுங்கோ, இல்லாட்டி ஒரு மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிப்பினம்.

அடுத்தது, தூரம் 350 கிலோமீட்டர் அளவில, அதுக்கேன் இவ்வளவு நேரம் எண்டு கேக்கிறீங்கள். பிளேன் வானத்தில நிக்கிறது முக்கால் மணித்தியாலம் அளவுக்குத்தான், ஆனா கணக்கு எயார்போட் கேட்டை (பிளேன் ஏறுற வாசலை) விட்டு வெளிக்கிடுற நிமிசத்தில தொடங்கி மற்றப் பக்கம் கேட்டில வந்து நிக்கிற வரைக்கும். ஹீத்ரோவில ரெண்டே ரெண்டு ரன்வே, லைனில நிண்டுதான் ஏறவேணும், லண்டனுக்கு வரேக்க இறங்க இடம் வரும்வரைக்கும் மேல சுத்த விடுறதும் இருக்கு, ஷார்ல் து கோல் பெரிய எயார்போட் எண்டபடியா இறங்கின பிறகு உருண்டு ரெர்மினலுக்கு வரவும் நேரம் போகும்.

எங்களுக்குப் பிளேன் ரிக்கற் வித்தாலும் சரி ரெயின் ரிக்கற் வித்தாலும் சரி, ஆனா உள்ளதைச் சொல்ல வேணும். லாச்சப்பலுக்கே நேர போற ஆக்கள், அதுவும் சின்னப் பிள்ளையளோட, வயசான அம்மா அப்பாவோட போறீங்கள் எண்டா யூரோஸ்டார் ரெயின்தான் சுகம். ஹரோவில இருந்து மெட்ரோபொலிட்டன் லைன், ஈஸ்ட்ஹாமில இருந்து ஹமர்ஸ்மித் லைன், ரெண்டும் மாறாமல் யூரோஸ்டார் வெளிக்கிடுற கிங்ஸ் குரொஸ் செயின்ட் பாங்ரஸ் வரும். பிரெஞ்சுக்காரன்ர பாஸ்போட் செக்கிங்கும் அங்கயே முடிஞ்சிடும், பிறகு 2 மணி 20 நிமிசம் அளவில பாரிஸ் கார் து நோர் ஸ்ரேசன், அங்கயிருந்து லாச்சப்பல் நடை தூரம். ஊறுகாய்ப் போத்தலையும் கையில கொண்டு போகலாம், பிளேனில எண்டா எயார்போட்டைப் பொறுத்துக் கட்டுப்பாடு இருக்கும். பிளேனில போனா ரெண்டு மணித்தியாலம் முதல் எயார்போட்டில நிக்கவேணும், அங்க பாஸ்போட் லைன், பிறகு ஆர்.ஈ.ஆர் பி ரெயினில அரை மணித்தியாலம், எல்லாம் கூட்டிப் பாத்தா ரெயினை விடக் கூடத்தான் வரும்.

ஆனா ஹேய்ஸ், சவுத்தோல் பக்கம் இருந்துகொண்டு ஓல்னே, வில்பான்த் பக்கம் சொந்தக்காரரிட்டப் போற ஆக்களுக்குப் பிளேன் நல்லது, ரெண்டு பக்கமும் எயார்போட் கிட்ட. ரெயின் ரிக்கற் கடைசி நேரத்தில நல்லா விலை ஏறிடும், அதால ரெயின் எண்டா வேளைக்கே சொல்லுங்கோ.

போன் எடுக்கேக்க வீடு எந்தப் பக்கம், அங்க எங்க இறங்கவேணும், பெட்டி எத்தினை எண்டு மூண்டையும் சொன்னீங்கள் எண்டா நாங்கள் கதவில இருந்து கதவு வரைக்கும் நேரம் பாத்துச் சொல்லுவம்.

அன்போட,
உங்கட ட்ரவல்ஸ் கடை ஆக்கள்