முட்டுக் குடுத்துட்டு உத்திரத்த உருவுங்க

பொதுப்பணித்துறை பொறியாளர் ஐயாக்களுக்கும், எங்க ஊர் அரசு ஆஸ்பத்திரி தலைமை டாக்டர் அம்மாவுக்கும், வேலை எடுத்திருக்கிற காண்ட்ராக்டர் அண்ணனுக்கும் வணக்கம்.

நான் செட்டிநாட்டுல கொத்தனார் வேலை பாக்குறவன். எங்கப்பாவும் கொத்தனார்தான். 22 வருஷமா கரணை பிடிக்கிறேன், பழைய செட்டியார் வீடுங்க, கோயில் திருப்பணி, ரெண்டுலயும் வேலை பாத்திருக்கேன். எங்க ஆத்தாவுக்கு கிட்னி ரெண்டும் போயி மூணு வருஷமாச்சு, செவ்வாய் வியாழன் சனி காலையில ஆறு மணிக்கெல்லாம் நம்ம ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டு வாசல்ல நாங்க நிப்போம். கட்டுறவன் பாடும் தெரியும், உள்ள படுத்துக் கெடக்குறவங்க பாடும் தெரியும், அதனாலதான் இத எழுதுறேன்.

ஆஸ்பத்திரி பழைய கட்டடத்துல நடக்குற மராமத்து வேலைய நிறுத்துங்கன்னு கேக்கலீங்க. அந்தக் கட்டடத்துக்கு வேலை கட்டாயம் வேணும். மர உத்திரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை, மழை பேஞ்சா பிரசவ வார்டு வராண்டாவுல வாளி வைக்கிறாங்க, உத்திரத்துல ரெண்டு எடத்துல கரையான் ஏறியிருக்கு, நானே தட்டிப் பாத்தேன், சத்தமே பொத்தல் சத்தமா வருது. மொத்தமா மூடிட்டு ஆறு மாசத்துல முடிச்சுரலாமேன்னு டீக்கடையில சிலபேரு பேசுறாங்க. மூடினா எங்க போறது? மதுரை பெரியாஸ்பத்திரி 80 கிலோமீட்டருக்கு மேல, ஒரு தடவை டயாலிசிஸ் ஏறி எறங்க நாலு மணி நேரம், அது முடிஞ்சு தலை கிறுகிறுன்னு சுத்துற மனுஷிய பஸ்ல ஏத்திக் கொண்டாந்து மறுநா விட்டு மறுநா திரும்பக் கூட்டிட்டுப் போகணும், வாரத்துல மூணு நாளு. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்த புள்ளைய 108ல ஏத்துனா அதுக்கும் வேற வழி இல்ல. ஆஸ்பத்திரி ஓடிக்கிட்டேதான் இருக்கணும், வேலையும் நடக்கணும். ரெண்டும் முடியும், எப்படி நடக்குதுங்கிறதுலதான் எனக்குக் கவலை.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை நடந்தத சொல்றேன். பின்பக்கம் தண்ணி பைப்புக்கு ஜேசிபி பள்ளம் தோண்டும்போது கரண்ட் கேபிள் அறுந்துபோச்சு. ஜெனரேட்டர் இருக்கு, ஆனா லைன் கரண்ட்ட ஜெனரேட்டருக்கு மாத்தி விடுற சேஞ்ச் ஓவர் பேனல வேற எடத்துக்கு மாத்துறதுக்காக அதே நாள் காலையிலதான் கழட்டிப் போட்டிருந்தாங்க. பள்ளம் தோண்டுன ஆளுக்கு பேனல் கழண்டு கெடக்குறது தெரியாது, எலக்ட்ரீசியனுக்கு பள்ளம் தோண்டுறது தெரியாது, ரெண்டு பேருக்குமே அந்த நேரத்துல உள்ள அஞ்சு பேரு ரத்தம் மெஷின்ல ஓடிக்கிட்டிருக்குன்னு தெரியாது. லைட் போச்சு, ஃபேன் போச்சு, மெஷின் எல்லாம் ஒண்ணா கீ கீன்னு கத்துது. ஆத்தா மெஷின்ல பேட்டரி ரெண்டு நிமிஷம்கூட நிக்கல. பம்பு நின்னுட்டா டியூப்லயும் ஃபில்டர்லயும் இருக்குற ரத்தம் உறைஞ்சிரும்ங்க, 200 மில்லி கிட்ட வெளியில நிக்கும், அத திருப்பி உடம்புக்குள்ள ஏத்தியாகணும். சிஸ்டர் ஓடியாந்து சைடுல மாட்டியிருந்த கைப்பிடிய எடுத்து பம்புல சொருகி கையால சுத்த ஆரம்பிச்சாங்க, கிணத்துல ராட்டினம் சுத்துற மாதிரி நிதானமா, சேம்பர்ல காத்துக் குமிழி வந்துருதான்னு கண்ணு அங்கயே இருக்கு, நான் செல்போன் டார்ச்ச புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், ஆத்தா ஊசி குத்தியிருக்கிற ஃபிஸ்டுலா கைய அசைக்காம என் மூஞ்சியவே பாக்குது. ரெண்டு சிஸ்டர் ஒரு டெக்னீஷியன், மூணு பேரு, அஞ்சு பம்பு. ஆத்தாவுக்கு ரத்தம் திரும்பிருச்சு. பக்கத்து பெட் அண்ணனுக்கு ஃபில்டர்லயே உறைஞ்சு போச்சு, அப்படியே தூக்கிக் குப்பையில போட்டாங்க, ஏற்கனவே ரத்தம் கம்மியா இருக்கிற மனுஷன்.

அந்த சிஸ்டர் கை மறுநா வீங்கியிருந்துச்சு. அவங்களுக்கு நான் எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரியல.

ஐயா, எங்க தொழில்ல சின்னப்பயலா சேரும்போதே சொல்லிக் குடுக்குற பாடம் ஒண்ணு இருக்கு. பழைய வீட்டுல உத்திரம் மாத்தணும்னா முதல்ல முட்டுக் குடுக்கணும். முட்டுக் குடுத்து, ஆப்பு வச்சு இறுக்கி, பாரம் முட்டுமேல எறங்கிருச்சான்னு தட்டிப் பாத்து, அதுக்கு அப்புறம்தான் உத்திரத்த உருவணும். பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டுல, ஏழெட்டுப் புள்ளி, அதாவது ஏழெட்டுக் குடும்பம், பங்காளிங்க சேந்து இருக்குற வீடு, நடு முற்றமான வளவு சுத்தி ஆளுக்கொரு அறை, ரெண்டாங்கட்டுல மூணு அடுப்பு எரியுது, அவங்கள வெளிய அனுப்பாமலே பதினோரு உத்திரம் மாத்துனோம். ஒரு வரிசை முடிச்சுத்தான் அடுத்த வரிசை. தூசி அடுப்படிக்குப் போயிரக் கூடாதுன்னு ஈரச்சாக்கு கட்டித் தொங்க விட்டோம். அன்னன்னைக்கு காலையில பெரியாச்சிகிட்ட போயி இன்னைக்கு இந்த எடத்துல கை வைக்கிறோம், ஆச்சி இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்போம். ஒரு வீட்டுக்கே இவ்வளவு பாத்தோம்.

கோயில் வேலையும் அப்படித்தான். நகரத்தார் செட்டியாருங்களோட நகரக் கோயில் ஒன்பதுல ஒரு கோயில் திருப்பணிக்குப் போயிருக்கேன். பாலாலயம்னு தற்காலிகமா ஒரு சன்னதி பண்ணி, மூலவரோட சக்திய கும்பத்துல எறக்கி, அத்திப்பலகையில எழுந்தருளப் பண்ணி, அங்க பூசை ஆரம்பிச்ச பிறகுதான் எங்கள விமானத்துல ஏற விடுவாங்க. கும்பாபிஷேகம் வரைக்கும் ஒரு வேளைப் பூசை நிக்காது. சாமிக்குப் பாலாலயம் பண்ணத் தெரிஞ்ச ஊரு இது, ஆத்தா மாதிரி ஆளுகளுக்கும் பண்ணுங்க. டயாலிசிஸ் வார்ட மாத்தப் போறீங்கன்னா புது எடத்துல மெஷின், தண்ணிய சுத்தம் பண்ணுற ஆர்.ஓ பிளாண்ட், ஜெனரேட்டர் லைன் எல்லாம் போட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பாத்து, டெக்னீஷியன் சரின்னு சொன்ன பிறகு பழைய சுவத்த தொடுங்க.

தண்ணிய பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இது வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது, எனக்கே மூணு வருஷத்துக்கு முன்னாடி தெரியாது. ஒரு ஆளுக்கு ஒரு தடவை டயாலிசிஸ் பண்ண 120 லிட்டர் சுத்தமான தண்ணி மெஷின் வழியா ஓடுது, நிமிஷத்துக்கு அரை லிட்டர், நாலு மணி நேரம். ஆர்.ஓ-வுல கழிவாப் போறது அது தனி. அதனால வால்வ அடைக்கிறதுக்கு முன்னாடி உள்ள கேளுங்க. இன்னொண்ணு, புது சம்பு கட்டி கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு லைன்ல விடுவீங்கல்ல, அத டயாலிசிஸ் டெக்னீஷியன்கிட்ட சொல்லாம விடவே கூடாது. குடிதண்ணியில கலக்குற அளவு குளோரின் நம்மள ஒண்ணும் பண்ணாது, ஆனா குளோரின புடிச்சு வைக்கிற கார்பன் ஃபில்டர் தாங்காம அந்த குளோரின் மெஷினுக்குள்ள போயிருச்சுன்னா ரத்த அணு ஒடைஞ்சிரும். உசுரு போற விசயம். அடைச்சு வச்சிருந்த பைப்ப திரும்பத் தொறக்கும்போதும் தேங்குன தண்ணிய முழுசா வெளியேத்திட்டுத்தான் உள்ள விடணும்.

தூசியும் சும்மா இல்லீங்க. பழைய சுவரு, சீலிங் ஒடைக்கும்போது ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை வித்து தூசியோட பறக்கும், நானும் நீங்களும் தெனமும் அத சுவாசிக்கிறோம், ஒண்ணும் பண்ணாது, எதிர்ப்பு சக்தி போன ஆளுக்கு, கேன்சர் மருந்து ஏத்துறவங்களுக்கு, கிட்னி மாத்துனவங்களுக்கு நுரையீரல்ல புடிச்சுக்கும். பச்சை வலை கட்டுனா தூசி நிக்காது, அது கல்லு விழாம இருக்கத்தான். தரையில இருந்து சீலிங் வரைக்கும் கனமான பிளாஸ்டிக் ஷீட்டு ஒட்டி அடைச்சு, வேலை நடக்குற பக்கத்து காத்த எக்ஸாஸ்ட் வச்சு வெளிய இழுக்கணும், வார்டு பக்கம் தள்ளக் கூடாது. ரப்பீஷ நனைச்சு, மூடி, வெளிப்பக்கமா எறக்குங்க. இப்போ சித்தாளுங்க சட்டியில தூக்கிக்கிட்டு பிரசவ வார்டு வராண்டா வழியாத்தான் போகுதுக, அதுக மேல தப்பில்ல, வேற வழி யாரும் போட்டுக் குடுக்கல.

ஆக்சிஜன் லைன்ல கை வைக்கும்போது தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. 2016ல இந்தூர்ல ஒரு அரசு ஆஸ்பத்திரியில புதுசா போட்ட ஆபரேஷன் தியேட்டர்ல ஆக்சிஜன் வர வேண்டிய குழாயில மயக்கம் குடுக்குற நைட்ரஸ் ஆக்சைடு வந்து ரெண்டு குழந்தைங்க செத்துப்போச்சு. பைப்ப மாத்திக் குடுத்துட்டாங்க, அவ்வளவுதான் நடந்தது. வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு குழாய் வாயிலயும் என்ன வாயு வருதுன்னு மீட்டர் வச்சுப் பாத்து, டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு நோயாளிக்கு மாட்டுங்க.

காண்ட்ராக்டர் அண்ணே, உங்களுக்கும் பில்லு, கெடு, சிமெண்டு வெலைன்னு நெருக்கடி இருக்கும், எனக்குத் தெரியும். தெனமும் காலையில எட்டு மணிக்கு உங்க மேஸ்திரியும் எலக்ட்ரீசியனும் பிளம்பரும் ஒரு ஸ்டாஃப் நர்சும் அஞ்சு நிமிஷம் ஒண்ணா நின்னு இன்னைக்கு எது அறுபடும், எது அடைபடும்னு பேசுனா போதும், அந்த வியாழக்கிழமை நடந்திருக்காது. டாக்டர் அம்மா, சிஸ்டர் வேணாம்னு சொன்னா வேலை நிக்கணும், அந்த அதிகாரத்த எழுத்துல அவங்களுக்குக் குடுங்க. பொறியாளர் ஐயா, தற்காலிகமா எடம் மாத்துறதுக்கும் தூசி மறைப்புக்கும் எஸ்டிமேட்லயே காசு ஒதுக்கி வைங்க, இல்லேன்னா யாரும் கைக்காசு போட்டு செய்ய மாட்டாங்க. மறைப்பு கட்ட ஆள் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நான் வாரேன், எங்கூட நாலு பேரு வருவாங்க, கூலி வேணாம்.

வர்ற செவ்வாக்கிழமையும் காலையில ஆறு மணிக்கு ஆத்தாவோட வருவேன். அன்னைக்கு தண்ணியிலயோ கரண்டுலயோ கை வைக்கிறதா இருந்தா திங்கக்கிழமையே வார்டு வாசல் போர்டுல சாக்பீஸ்ல எழுதிப் போடுங்க. சாயங்காலம் வேலை விட்டு அந்தப் பக்கமாத்தான் போவேன், நின்னு படிச்சுக்கிறேன்.