மைனஸ் 10-இல் நிற்காத கேமரா: மாற்றித் தரக் கோரி நான்காவது கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அதனால் இதைப் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நவம்பரில் உங்களிடம் 92,000 ரூபாய் கொடுத்து, இரவு வானத்தைப் படமெடுக்க, சென்சாரைக் குளிரூட்டும் கலர் கேமரா வாங்கினேன். ‘சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரை குளிரும்’ என்று நீங்களே பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். மழை மேகம் விலகட்டும் என்று மார்கழி முழுக்கப் பொறுத்திருந்து, தை அமாவாசையை ஒட்டி இரண்டு இரவுகள் ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோனேன். காவலூர் வானாய்வகம் இருக்கிற அதே மலைதான். எங்கள் பக்கத்தில் அவ்வளவு இருட்டான வானம் வேறெங்கும் இல்லை. அன்று அங்கே 16 டிகிரி. நான் கேட்டது மைனஸ் 10. அதாவது 26 டிகிரி இறக்கம்தான்.

ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள வாயு மேகமான ஓரியன் நெபுலாவை 180 விநாடி வீதம் 120 படங்கள் எடுத்தேன். மொத்தம் 6 மணி நேரம். டார்க் படங்களை, அதாவது சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியைப் போட்டு எடுக்கும் படங்களை, மாலையிலேயே, கேமரா குளிர்ந்த முதல் அரை மணி நேரத்தில் எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து டார்க்கோடு ஃபிளாட், பயாஸ் என்ற மற்ற திருத்தப் படங்களையும் கொடுத்து, சிரில் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே படமாக அடுக்கினால் (ஸ்டாக் செய்தால்), நெபுலாவின் மெல்லிய சிறகு தெரிய வேண்டிய இடமெல்லாம் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. நெபுலாவின் நடுவிலுள்ள டிரபீசியக் கூட்டத்தின் நான்கு நட்சத்திரங்கள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. அதை என் பழைய கேமராவே எடுத்திருக்குமே.

காரணத்தைத் தேட எனக்கு நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு படக் கோப்பின் தொடக்கத்திலும் பதிவாகும் தகவலில் இரண்டு எண்கள் இருக்கின்றன: நாம் கேட்ட வெப்பநிலை ஒன்று, சென்சார் உண்மையில் இருந்த வெப்பநிலை ஒன்று. முதல் எண் 120 படத்திலும் மைனஸ் 10. இரண்டாவது எண் நள்ளிரவில் மைனஸ் 2 வரை ஏறியிருக்கிறது. சென்சார் 6 டிகிரி சூடானாலே இருட்டு மின்னோட்டம், அதாவது ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் சென்சாரில் சேரும் சிக்னல், ஏறக்குறைய இரட்டிப்பாகும். மைனஸ் 10-இல் எடுத்த டார்க்கை மைனஸ் 2-இல் எடுத்த படத்திலிருந்து கழித்தால் எப்படிச் சரியாக வரும்?

இதைத்தான் உங்கள் உதவி எண்ணில் பேசியவரிடம் சொன்னேன். அவர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, “மைனஸ் 10-னுதானே சார் இருக்கு, அப்புறம் என்ன?” என்றார். அடுத்து அவர் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “டார்க் எடுக்கும்போது மூடியைக் கழட்டினீங்களா? கழட்டிட்டு எடுத்துப் பாருங்க.” ஐயா, மூடியைப் போட்டு எடுத்தால்தான் அது டார்க். பிறகு, “முதல்ல கலராக்கிட்டு அப்புறம் டார்க்கைக் கழிங்க” என்றார். கலர் கேமராவில் நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒரு பிக்சலில் இல்லாத நிறங்களை அக்கம்பக்கத்து பிக்சல்களை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். டார்க்கைக் கழிக்காமல் அந்தக் கணக்கைப் போட்டால் இருட்டிலும் பளிச்சென்று காட்டும் ‘சூடான’ ஒரு பிக்சல் சுற்றியுள்ளவற்றையும் கெடுத்துவிடும். இதைக் கேமரா விற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பொறுமையாகத்தான் சொன்னேன். “உங்களுக்கு ஸ்டாக்கிங்கே தெரியல சார், யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டு வாங்க” என்று போனை வைத்துவிட்டார். ஒவ்வொன்றும் 18 எம்பி அளவில் 120 மூலக் கோப்புகளையும் ஏற்றி அனுப்பினேன். அவர் கேட்டது ஸ்கிரீன்ஷாட்.

இதற்கு நடுவில் பெங்களூருக்கு அலைந்த கதை. பள்ளிக்கு விடுப்புப் போட்டு, விடியற்காலையில் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். நேரில் வரச் சொன்னதே நீங்கள்தான். பகல் 2 மணி வரை உட்காரவைத்து, “இன்ஜினியர் இன்னிக்கு லீவு, வச்சிட்டுப் போங்க” என்றார்கள். மூன்று வாரம் கழித்து ‘குறை எதுவும் இல்லை’ என்ற சீட்டோடு கேமரா திரும்பி வந்தது. சோதித்த நேரம் 10 நிமிடம், அறை வெப்பநிலை 22 என்று அதே சீட்டில் இருக்கிறது. 10 நிமிடத்தில் என்ன தெரியும்?

அதே 22 டிகிரியில், எங்கள் பள்ளியின் ஏசி போட்ட கணினி அறையில், நீங்கள் கொடுத்த அடாப்டரை வைத்தே நானும் சோதித்தேன். மூடியைப் போட்டு, விளக்கை அணைத்து, 180 விநாடி வீதம் 40 டார்க். முதல் படத்தில் மைனஸ் 10. பதினைந்தாவதில் மைனஸ் 6.5. நாற்பதாவதில் பிளஸ் 1. குளிரூட்டியின் பவர் 100 சதவீதம் என்று காட்டுகிறது, விசிறியும் சுற்றுகிறது. ஆனால் பின்பக்கத் துவாரத்தில் கைவைத்தால் சூடான காற்றே வரவில்லை. சென்சாரிலிருந்து எடுத்த சூடு அதை வெளியேற்றும் உலோகத் தகட்டுக்கு (ஹீட் சிங்க்) போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. திறந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

நான் அறிவியல் ஆசிரியர். ஓரியன் படத்தைப் பள்ளிக் கண்காட்சியில் பெரிதாக மாட்டுவேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். கண்காட்சி முடிந்துவிட்டது, அந்தச் சுவர் காலியாகவே இருந்தது. மாசி அமாவாசையும் கேமரா உங்களிடம் இருந்தபோதே போய்விட்டது. இனி அடுத்த தைக்குத்தான் ஓரியன். ஆறு வருடம் சேர்த்த பணம், ஒரு வருட வானம், பிள்ளைகளிடம் என் சொல், எல்லாம் போயிற்று. இரண்டு லட்சம் கொடுத்தாலும் இந்த நஷ்டம் ஈடாகாது.

உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. கேமராவை மாற்றித் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள். பெங்களூருக்குப் போய்வந்த செலவையும் தர வேண்டும். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 40 டார்க் கோப்புகளும் உங்கள் 10 நிமிடச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. அந்த நிலை வராது என்று இன்னும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வாணியம்பாடி

பி.கு.: கேமராவை எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை 8 மணிக்கு முன் வரச் சொல்லுங்கள், அதன்பின் நான் பள்ளிக்குப் போய்விடுவேன். போனில் அந்த நபரை மறுபடி பேசவிட வேண்டாம்.