ஒரே அச்சு, வேறு வேறு கை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெர்லின் நகரத்து வண்ணக் கரடிச் சிலைகளைப் பற்றி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், எந்தக் கரடி எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்று பெட்டி கட்டிப் போட்டுவிட்டீர்களே, அதில்தான் எனக்கு மனத்தாங்கல். இடத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் தேடுவதற்கு என்ன மிச்சம்?

மகன் அங்கே வேலையில் இருந்தபோது நானும் அந்தக் கரடிகளைத் தேடி அலைந்திருக்கிறேன். கரடி பெர்லினின் நகரச் சின்னம். 2001இல் கண்ணாடியிழையில் வார்த்து, ஆளுக்கொன்றாக ஓவியர்களிடம் கொடுத்துத் தீட்டச் சொன்னார்கள். பெரும்பாலானவை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பவை. சில தலைகீழாகவும் நிற்கும். வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முதுகுப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு கரடிக்கு வயிற்றில் வழக்கம்போல் அந்நகரத்து பிராண்டன்பர்க் வாசலும் தொலைக்காட்சிக் கோபுரமும். பின்னால் போனால், முதுகெலும்பை ஒட்டி ஒரு மஞ்சள் சுரங்க ரயில் பிடரி வரை ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியின் ஜன்னலில் ஒரு நாய் எட்டிப் பார்த்தது. பணம் கொடுத்தவருக்காக வயிற்றையும் தனக்காக முதுகையும் அந்த ஓவியர் தீட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஏறி விளையாடும் கால் விரல்களில் மட்டும் வண்ணம் உரிந்து வெள்ளை தெரிந்தது.

இந்த வழக்கம் பெர்லினில் பிறந்ததில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1986இல் சிங்கங்களும் 1998இல் மாடுகளும் தெருவுக்கு வந்தன. அடுத்த ஆண்டே அந்த மாடுகளைச் சிகாகோவுக்கு ஓட்டிக்கொண்டு போனவர் ஒரு செருப்பு வியாபாரி! நிற்கும் மாடு, மேயும் மாடு, படுத்த மாடு என்று மூன்றே அச்சு. அதிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட மாடுகள். கோடை முடிந்ததும் பலவற்றை ஏலம் விட்டதில் 30 லட்சம் டாலருக்கு மேல் அறப்பணிகளுக்குச் சேர்ந்தது. பிறகு ஊருக்கு ஊர் தொற்றிக்கொண்டது. லிவர்பூல்காரர்கள் பாதி ஆட்டுக்குட்டி, பாதி வாழைப்பழமாக ஒரு ஜப்பானியக் கலைஞர் 1998இல் செய்து கொடுத்த விநோதப் பிராணியையே எடுத்துக்கொண்டு, 2008இல் அதன் சிறு உருவங்கள் 125ஐ நகரெங்கும் நிறுத்தினார்கள். இதற்கெல்லாம் ரசனை வேண்டுமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், நான் ரசித்தேன்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான். அச்சு ஒன்று, தீட்டும் கை வேறு வேறு. அடுத்தது எப்படி இருக்குமோ என்ற ஆவல்தான் கால்களை நடக்க வைக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையில் எங்கு பார்த்தாலும் போட்டியின் சின்னமான குதிரைமுகத் 'தம்பி' சிலைகள் நின்றன. உருவம் அருமை. ஆனால் நான் பார்த்தவை எல்லாம் அதே வேட்டி சட்டை, அதே கும்பிடு. நேப்பியர் பாலத்தையே சதுரங்கக் கட்டமாக மாற்றத் துணிந்தவர்கள், ஐம்பது தம்பிகளை வெள்ளையாகவே விட்டு எழும்பூர், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்திருக்கலாமே! சென்னைப் பிள்ளைகள் விடுமுறை நாளில் பஸ் பிடித்துத் தேடியிருப்பார்கள்.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் உள்சாலைகளில் போனவர்களைக் கேளுங்கள். மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் கொடுக்க, மண் வனையும் வேளார் வனைந்து சூளையில் சுட்ட அய்யனார் குதிரைகள் வரிசை கட்டி நிற்கும். ஒரே குடும்பம் செய்தவைதான். ஆனாலும் ஒன்று பல்லைக் காட்டும், பக்கத்துக் குதிரை முறைக்கும். குளமங்கலத்து அய்யனார் கோயிலின் பெருங்குதிரையை மாசிமகத்தன்று காகித மாலைகளுக்கு நடுவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது சிமெண்டும் எனாமல் பெயிண்டும் வந்துவிட்டன என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு மண்குதிரைதான் பிடிக்கும் என்றாலும், வெயிலில் பளபளக்கும் அந்த இளஞ்சிவப்பையும் பச்சையையும் வெறுக்க மனம் வருவதில்லை.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்டார். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட பழங்குடியினர், காட்டைப் பாழாக்கும் உண்ணிச்செடியின் தண்டுகளை இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டி, நிஜ அளவிலேயே யானைகள் செய்கிறார்கள். வண்ணம் கிடையாது, களைச்செடியின் பழுப்பு மட்டும்தான். ஒவ்வொன்றும் தாங்கள் அன்றாடம் பார்க்கும் ஏதோ ஒரு யானையின் சாயல் என்பதால் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்ற இந்த யானைகள், 2024இல் நூறு உருப்படிகளாக அமெரிக்கா போய், நியூயார்க் தெருவிலும் மயாமி கடற்கரையிலும் நின்றன. நீலகிரியில் பிறந்த யானையைப் பார்க்க நியூயார்க்குக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

ஆகவே, உங்கள் இதழ் வழியாகச் சுற்றுலாத் துறைக்கும் வனத்துறைக்கும் ஒரு விண்ணப்பம். நம் மாநில விலங்கு வரையாடு. நின்ற வாக்கில் ஒன்று, பாறையில் தாவும் வாக்கில் ஒன்று என இரண்டு அச்சு போதும். பழங்குடிக் கலைஞர்கள், வேளார்கள், பேனர் தீட்டி வாழ்ந்து ஃபிளெக்ஸ் வந்தபின் தொழில் இழந்த ஓவியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பிரித்துக் கொடுங்கள். ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல், சென்னை, மதுரை என்று சில மாதங்கள் நிற்கட்டும். பிறகு ஏலம் விட்டு, வரும் பணத்தை வரையாடு மேயும் மலைச் சோலைப் புல்வெளிகளை மீட்கச் செலவிடுங்கள். மறுநாளே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். அய்யனார் குதிரைமேல் யாரும் ஒட்டுவதில்லையே என்றேன். அரிவாளோடு அய்யனார் பக்கத்திலேயே இருக்கிறாரே என்கிறாள். ஆகவே காவலுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

அக்டோபர் 7 வரையாடு நாள். அன்றைக்குத் தொடங்கலாம். இடப் பட்டியலை மட்டும் தயவுசெய்து உங்கள் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி