டிரைவரின் பெயரையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ரோல்ஸ்-ராய்ஸ் பேண்டம் 2 கார் ஒன்று சேகரிப்பாளர்களுக்கு விற்பனைக்கு வந்திருப்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1929 முதல் 1936 வரை வந்த மாடல். ஆறு சிலிண்டர், 7,668 சிசி. அந்தக் காலத்தில் கம்பனி செசி என்ற அடிச்சட்டத்தையும் எஞ்சினையும்தான் கொடுக்கும். பார்க்கர், ஹூப்பர் போன்ற பட்டறைகளில் வாங்குபவர் தன் விருப்பப்படி பாடி கட்டிக்கொள்வார். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று கட்டுரையாளர் அழகாக விளக்கியிருந்தார். முதலில் யார் வாங்கினார், பிறகு யார் யார் கைக்குப் போனது என்று வரிசையாகப் பெயர்கள். யார் ஓட்டினார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

என் தாத்தா தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மானேஜரான பெரிய துரையின் டிரைவர். அவர் ஓட்டிய கார் ரோல்ஸ் இல்லை, ஹம்பர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பங்களாவில் கார் கழுவும் பையனாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே ஸ்டியரிங் பிடித்தவர். கொழும்பிலிருந்து துரையை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏறி, கம்பளை, புசல்லாவை தாண்டினால் இறம்பொடை வளைவுகள். அங்கே ரேடியேட்டர் கொதித்துவிடுமாம். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து, சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் எஞ்சின் பிளாக் வெடித்துவிடும் என்பார். கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கிளச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். அதை இலகுவாக்கிய சின்க்ரோமெஷ் என்ற கியர் அமைப்பு பேண்டம் 2க்கே 1932இல்தான் வந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் கம்பனி இங்கிலாந்தில் டிரைவர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி நடத்தியது. தாத்தாவுக்கு அந்த மலைப்பாதைதான் பள்ளி.

ஓட்டுவதைவிடப் பெரிய வேலை காரைக் காப்பாற்றுவது. அந்தக் கால உயர்ரகக் கார்கள் பலவற்றின் பாடி, மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்துச் செய்தது. மரம் இற்றால் கதவு தொங்கிவிடும். எங்கள் பக்கத்து மழையும் பனியும் தெரியும்தானே, சீட் லெதரில் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு மணி நேரம் வெயில் அடித்தால்கூட தாத்தா நான்கு கதவையும் திறந்துவிட்டு, சீட்டுகளை வெளியே எடுத்துக் காயவைப்பாராம். இன்று ஒரு பழைய கார் அசல் மரம், அசல் லெதர் என்று விலை போகிறதென்றால் அதில் இப்படிப்பட்டவர்களின் உழைப்பும் இருக்கிறது.

1945க்கு முன் இலங்கையில் முதன்முதலாகப் பதியப்பட்ட பயணிகள் காரை ஏற்றுமதி செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். யானைத் தந்தம் இருக்கும் அதே பட்டியலில்தான் இந்தக் கார்களும் இருக்கின்றன. நாடு அவற்றை இவ்வளவு மதிப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. சரி, கார் கை நழுவிப் போகக்கூடாது. அதை ஓட்டிய மனிதரின் பெயர் மட்டும் போகலாமா?

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, ஓடாமல் நின்ற அந்த ஹம்பரும் விலைபோனது. தாத்தா ஒரு கொப்பி வைத்திருந்தார். எப்போது எண்ணெய் மாற்றினார், எந்த வால்வைத் தேய்த்தார், எந்த வளைவில் பிரேக் பிடிக்காமல் போனது என்று எல்லாம் தோட்டப் பள்ளியில் கற்ற தமிழில் எழுதியிருக்கிறார். காரை வாங்க வந்தவரிடம் அதைக் கொடுத்தபோது, தனக்குத் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் இறங்கிவிடும்.

பழைய கார் வைத்திருப்பவர்களும் விற்பவர்களும், அது ஓடிய தோட்டத்தில் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். டிரைவர், கிளீனர், பழுது பார்த்த மெக்கானிக் என்று யாரையாவது நினைவு வைத்திருக்கும் குடும்பம் இன்னும் இருக்கும். கிடைக்கும் பெயரைக் காரின் கோப்பில் எழுதி வையுங்கள். ஆசிரியரும் வாசகர்களிடம் அப்படியான படங்களையும் பழைய லைசன்ஸ்களையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும்.

கொப்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஹம்பரின் பழைய இலக்கத்தைத் தனித்தாளில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். காரை இப்போது வைத்திருப்பவர் தொடர்புகொண்டால், முழுக் கொப்பியையும் பிரதி எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.